வெள்ளிக்கிழமை கோபித்துக்கொண்ட வண்டி

யாழினி, தினேஷ், இது உங்கள் இரண்டு பேருக்கும். தினேஷ் எதையும் முழுசாகப் படிக்காமல் கடைசிப் பக்கத்துக்குத் தாவுகிற ஆள் என்று எனக்குத் தெரியும். அதனால் முக்கியமானதை நடுவில் வைத்திருக்கிறேன். தாவிப் பார்.

யாழினி அந்தச் சிவப்புக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து நம் குடும்பக் குரூப்பில் காலை வணக்கம் நின்றுவிட்டது. கேள்விகள்தான். "அப்பா, மஞ்ச லைட்டு எரியுது, நிறுத்தவா ஓட்டவா?" "அப்பா, ஏசி போட்டா மைலேஜ் கொறையுமா?" "அப்பா, காத்து எவ்ளோ அடிக்கணும்?" உங்கள் அம்மா கேட்கிறாள்: "பொண்ணு காரு வாங்கனாளா, இல்ல உங்கள மறுபடியும் வேலைக்கு வச்சிக்கினாளா?"

கேட்பது எனக்குப் பிடிக்கத்தான் செய்கிறது. ஓய்வு பெற்ற மெக்கானிக்கை யார் தேடுகிறார்கள்? ஆனால் போன செவ்வாய்க்கிழமை நடந்தது சரியில்லை. "அப்பா, பிரேக் புடிச்சா பெரியப்பா கொறட்ட மாதிரி ஒரு சத்தம் வருது, அதுவும்..." என்று நீ ஆரம்பித்தாய். "அப்படியெல்லாம் வராது. பிரேக் பேட் தேஞ்சிருக்கும், மாத்து" என்று நான் பாதியில் வெட்டினேன். "நான் இன்னும் சொல்லியே முடிக்கலியேப்பா" என்று போனை வைத்துவிட்டாய். அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பாக்கி இருக்கும் கேள்விகளை முடித்துவிடலாம்.

சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்து. மஞ்சள் எரிந்தால் ஓட்டலாம், ஆனால் நாள் கடத்தாதே. எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்த ஒருவர், மஞ்சள் விளக்கு கண்ணை உறுத்துகிறது என்று, மனைவியின் ஸ்டிக்கர் பொட்டை அதன்மேல் ஒட்டி எட்டு மாதம் ஓட்டினார். கடைசியில் வண்டி லாரிமேல் ஏறித்தான் வந்து சேர்ந்தது. பொட்டு மட்டும் அப்படியே இருந்தது.

காற்று எவ்வளவு என்று என்னைக் கேட்காதே. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். உன் வண்டிக்கு எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கிறது. காற்று அடிப்பவர் "எல்லாருக்கும் போடறதுதான்" என்று ஒரு கணக்கில் போடுவார். எல்லாருக்கும் ஒரே சட்டை தைத்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். காலையில் வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால் பார்.

ஏசி போட்டால் மைலேஜ் கொஞ்சம் குறையும். அதற்காக அணைத்துவிட்டு, வேர்த்து வழிந்து, வழியில் நிறுத்தி இரண்டு இளநீர் குடித்தால் உனக்கு என்ன மிச்சம்? போட்டுக்கொண்டு போ.

எலி ஒரு பெரிய தலைவலி. நம் பக்கம் நெல் அறுப்பு முடிந்தால் வயல் எலிகளுக்கு வீடு கிடையாது. உன் பானெட்டுக்குள் எஞ்சின் சூடு இருக்கிறது, ஒயர் இருக்கிறது, வாடகை இல்லை. செல்லிப்பட்டுக்காரர் ஒருவர் யாரோ சொன்னார்கள் என்று பானெட்டுக்குள் புகையிலைக் கட்டு வைத்தார். எலி ஒயரையும் கடித்தது, புகையிலையைப் பிரித்து மெத்தையும் போட்டுக்கொண்டது. வைக்கோல் போர் பக்கத்தில் நிறுத்தாதே. இரண்டு நாளைக்கு ஒரு தடவையாவது வண்டியை எடு. எலிக்கு நடமாட்டம் ஆகாது.

தினேஷ், பேட்டரி கார் வாங்கப் போகிறேன், இனிமேல் மெக்கானிக்கே வேண்டாம் என்கிறாய். தாராளமாக வாங்கு. அதற்கும் நாலு டயர்தான், அதற்கும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு ஆள் உட்காரத்தான் வேண்டும். என் அனுபவத்தில் கோளாறில் பாதி அந்த ஆளிடம் இருந்தது. மீதிப் பாதி, வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது, என்னிடம் இருந்தது.

நான் பத்தாவதை இரண்டாவது தடவையில் பாஸ் செய்தவன். பிறகு ஐடிஐ. பிறகு வில்லியனூரில் ஒரு லாரி ஷெட்டில் நாலு வருஷம் கிரீஸில் குளித்தேன். அதற்கப்புறம் பாகூர் போகிற ரோட்டில் இருந்த கார் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து, அங்கேயே சீனியர் மெக்கானிக்காக முடித்தேன். இவ்வளவுதான் என் படிப்பும் பயிற்சியும். உண்மையான படிப்பு, கார் ஓட்டத் தெரியாத ஒருவரிடம் கிடைத்தது.

ரீத்தா மேடம் எங்களுக்கு மேனேஜராக வந்தபோது எனக்கு வயது நாற்பத்தைந்து. அவருக்கு முப்பத்தைந்துகூட இருக்காது. கடலோரத்து மணப்பட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். கார் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டரும் தெரியாது. "நீச்சல் தெரியாத ஆளு படகு ஓட்ட வந்துகீது" என்று நாங்கள் டீ குடிக்கும்போது சொல்லிச் சிரித்தோம். மணப்பட்டுக்காரருக்கு நீச்சலும் தெரியும், படகும் தெரியும் என்பது வேறு விஷயம்.

முந்தைய மேனேஜர் கண்ணாடி அறையில் ஏசி போட்டு உட்கார்ந்திருப்பார். இந்த அம்மா முதல் நாளே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வண்டிகள் உள்ளே நுழைகிற இடத்தில் போட்டார். எதிரே இன்னொரு நாற்காலி. வண்டிக்காரர் அதில் உட்கார வேண்டும். நின்றுகொண்டு பேசினால் எழுத மாட்டார். "உக்காந்தாதான் மனுஷனுக்கு எல்லாம் ஞாபகம் வரும்" என்பார்.

அஞ்சு கேள்வி. எப்போது? எங்கே? யார் ஓட்டினார்கள்? அதற்கு முன்னால் என்ன செய்தீர்கள்? அதற்குப் பின்னால் என்ன செய்தீர்கள்? அவர்கள் பேசும்போது தலை நிமிராது. "ம்" கூடக் கொட்ட மாட்டார். பேனா மட்டும் ஓடும். முடிந்ததும் எழுதியதை ஒரு தடவை சத்தமாகப் படித்துக் காட்டி, "இதானே நீங்க சொன்னது?" என்பார். "ஆமாம்மா" என்று சொன்ன பிறகுதான் கையெழுத்து. மேலே இருக்கும் வெள்ளைத் தாள் எங்களுக்கு. அடியில் கார்பன் வைத்த மஞ்சள் தாள் வண்டிக்காரருக்கு.

ஒரே ஒரு சட்டம் போட்டார். "அண்ணே, அவங்க சொன்ன வார்த்தைய யாரும் மாத்தக்கூடாது. உங்களுக்குத் தெரிஞ்சத கீழ எழுதுங்க. மேல கை வைக்காதீங்க."

அதனால் எங்கள் கைக்கு வந்த தாள்களைப் பார்த்தால் வயிறு குலுங்கும். "காலைல கெளப்பனா நாய் தும்மற மாதிரி ஒரே ஒரு தபா சத்தம்." "பம்பு செட்டு நிக்கும்போது நடுங்குமே, அந்த நடுக்கம்." ஆனால் காலையில் மட்டும், ஒரே ஒரு தடவை என்ற இரண்டு விவரம் போதும், கோளாறு எங்கே என்று பாதி தெரிந்துவிடும். இதை நான் இப்போது சொல்கிறேன். அப்போது சொல்லவில்லை. அப்போது, "மேடம் கத எழுதறாங்க, நாம வேல செய்வோம்" என்று சொன்ன ஆள் உங்கள் அப்பாதான்.

இப்போது அந்த வெள்ளை வண்டிக்கு வருகிறேன்.

ஏழுமலை என்று ஒரு டாக்சிக்காரர். சோரியாங்குப்பத்தைத் தாண்டி, ஆற்றுக்கு அந்தப் பக்கம், கடலூர் பக்கத்து ஊர். ஐம்பது வயது இருக்கும். பாகூரில் சரோஜா டீச்சர் என்று ஒருவர், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி காலை ஏழரைக்குப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய மிஷினில் படுக்க வேண்டும். அந்த மூன்று நாளும் அவரை அழைத்துப்போய் அழைத்து வருவது ஏழுமலை. மாசச் சவாரி. அதை நம்பி மற்ற நிரந்தரச் சவாரியெல்லாம் விட்டிருந்தார். டீச்சரின் மகன் சென்னையில். அவரும் ஏழுமலையை நம்பித்தான் அங்கே நிம்மதியாக இருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஏழுமலை வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் ஒரு டயரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

"வெள்ளிக்கெழம பெட்ரோல் போட்டா கோச்சிக்கிதும்மா."

"கோச்சிக்கினு இன்னா பண்ணுது?"

"கெளம்ப மாட்டுது. கெஞ்சனா கெளம்புது."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல தங்கமா ஓடுது. வெள்ளிக்கெழம தாம்மா. யாரு கண்ணு பட்டுச்சோ தெர்ல. எலுமிச்சம்பழம் மாத்தி மாத்திக் கட்டறன்."

ரீத்தா மேடம் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை பெட்ரோல் போட்டா கோச்சிக்கிது. கெஞ்சனா கெளம்புது" என்று எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார்.

வெள்ளைத் தாள் என்னிடம் வந்தது. "வண்டிக்குக் கிழமை தெரியுமாடா?" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது. பேனாவை எடுத்து அந்த இரண்டு வரியையும் அழுத்தமாக அடித்தேன். "ஸ்டார்ட்டிங் டிரபிள், எப்போதாவது" என்று மேலே எழுதினேன். பிளக்குகளை மாற்றினேன். பாகூர் வரை ஓட்டிப் பார்த்தேன். தங்கமாக ஓடியது. அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை மறுபடியும் வந்தார். அதே நாற்காலி, அதே வார்த்தை. மேடம் அதையே எழுதினார். நானும் அதையே அடித்தேன். பெட்ரோல் ஃபில்டரை மாற்றினேன், பம்ப்பைக் கழற்றிப் பார்த்தேன், பேட்டரி முனைகளைத் தேய்த்தேன். "பங்க்க மாத்திப் பாருங்க. பெட்ரோல்ல தண்ணி இருக்கும்" என்று பழியை வேறு ஒருவர் தலையில் போட்டேன்.

அவர் பங்க்கையும் மாற்றினார். எலுமிச்சம்பழத்தையும் மாற்றினார். மறுநாள் வெள்ளிக்கிழமை காலை ஆறேமுக்காலுக்கு, பெட்ரோல் போட்ட இடத்திலேயே, டீச்சரைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு வண்டி நின்றது. முக்கால் மணி நேரம். கெஞ்சினாலும் கிளம்பவில்லை. ஒரு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது டீச்சரின் மிஷினில் வேறொருவர் படுத்திருந்தார். "நாளைக்கு வாங்க" என்றார்கள். அன்று முழுக்க டீச்சருக்கு மூச்சு வாங்கியது. படுக்க முடியவில்லை. தலையணையை மடியில் வைத்து, உட்கார்ந்தே விடிய வைத்தார். சனிக்கிழமை மிஷினில் ஏற்றிய பிறகுதான் மூச்சு சீரானது.

மகன் சென்னையிலிருந்து ஒரே வார்த்தை சொன்னார்: "வண்டிய மாத்துங்க."  டீச்சர் அடுத்த திங்களும் புதனும் மகன் ஏற்பாடு செய்த வேறு வண்டியில் போய் வந்தார். வியாழக்கிழமை, மிஷின் இல்லாத நாளில், ஏழுமலையைக் கூப்பிட்டு, "ஒர்க்‌ஷாப்புக்கு என்னையும் கூட்டிக்கினு போ. அந்த மெக்கானிக்க நான் பாக்கணும்" என்றார்.

அப்படித்தான் எழுபது வயது கணக்கு டீச்சர் ஒருவர், கையில் ஊசி போட்ட தழும்புகளோடு, எங்கள் வாசலில் வந்து இறங்கினார். ரீத்தா மேடம் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டார். டீச்சர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பரீட்சைப் பேப்பரைப் பார்ப்பது போல.

"ரெண்டு தடவ ரிப்பேர் பண்ணது நீங்கதானா?"

"ஆமாம்மா."

"இன்னா ரிப்பேர் பண்ணீங்க?"

பிளக், ஃபில்டர், பம்ப் என்று வரிசையாகச் சொன்னேன். டீச்சர் கேட்டுக்கொண்டு, "கெட்டுப்போனது எது?" என்றார்.  எதுவுமே கெட்டுப்போயிருக்கவில்லை. நல்லதையெல்லாம் கழற்றி வேறு நல்லதை மாட்டியிருக்கிறேன்.

ஏழுமலை வண்டிக்குள் கைவிட்டு, வெயில் மறைப்பில் செருகியிருந்த இரண்டு மஞ்சள் தாள்களை எடுத்து மேடத்திடம் நீட்டினார். "சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிருந்தன்" என்றார். மேடம் உள்ளே போய் எங்கள் வெள்ளைத் தாள்களை எடுத்து வந்தார். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். கோபம் வந்தால் அவர் செய்வது அது ஒன்றுதான்.

"அண்ணே, இது நான் எழுதுன மாதிரி இல்லியே."

"நான்தான் அடிச்சன், மேடம்."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்தான்."

டீச்சர் கையை நீட்டி மஞ்சள் தாளை வாங்கிப் படித்தார். "கெஞ்சனா கெளம்புது" என்ற இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏழுமல, உன்ன மாதிரியே எழுதிகீறாங்கப்பா" என்றார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

மேடம் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. "ஏழுமலைண்ணே, இன்னிக்கு வியாழன். பரவால்ல, வெள்ளின்னு வச்சிக்குவோம். நீங்க வெள்ளிக்கெழம இன்னா பண்ணுவீங்களோ அத ஒண்ணு விடாம பண்ணுங்க. நாங்க கூட வர்றம்" என்றார்.

டீச்சர் தன் வழக்கமான இடத்தில், பின்சீட்டில் இடது ஓரமாக உட்கார்ந்தார். பக்கத்தில் மேடம். முன்னால் நான். ஏழுமலை ஓட்டினார். வண்டி ஜோராக ஓடியது. பெட்ரோல் முள் அடியில் கிடந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்த வண்டி என்னிடம் வந்த இரண்டு தடவையும் டேங்க் பாதிதான் இருந்தது. நான் ஒரு தடவைகூட பெட்ரோல் போட்டுப் பார்க்கவில்லை.

"வெள்ளிக்கெழம பெட்ரோல் போடறதுக்கும் மத்த நாள் போடறதுக்கும் இன்னா வித்தியாசம்?" என்று மேடம் கேட்டார்.

"சனி ஞாயிறு எனக்கு எங்க ஊரு பக்கம் கல்யாண சவாரிம்மா. ஆத்துக்கு அந்தாண்ட பெட்ரோலு வெல ஜாஸ்தி. அதான் இங்கியே ரொப்பிக்கினு போயிடுவன். திங்கக்கெழம வரிக்கும் தாங்கும்."

இது உங்களுக்குப் புதுசில்லை. புதுச்சேரியில் வரி குறைவு என்பதால், பாலத்தைத் தாண்டி வருகிற பாதிப் பேர் நம் பக்கத்து பங்க்கில் டேங்கை நிரப்பிக்கொண்டு போகத்தான் வருகிறார்கள். கடலூரில் இருக்கும் உங்கள் மாமா நம் வீட்டுக்கு வருகிற காரணத்திலும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

பங்க்கில் நிறுத்தினோம். பெட்ரோல் பாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் குழாய் 'டக்' என்று தானாக நின்றது. பெட்ரோல் போடும் பெண் குழாயை எடுக்கப் போனாள்.

"இரும்மா, இரும்மா. இன்னும் புடிக்கும்" என்றார் ஏழுமலை.

இறங்கினார். இரண்டு கையையும் வண்டியின் கூரை ஓரத்தில் வைத்தார். நெல் மூட்டையைத் தட்டி இடம் பண்ணுவது போல வண்டியை அப்படியும் இப்படியும் உலுக்க ஆரம்பித்தார். உள்ளே டீச்சரும் மேடமும் ஊஞ்சலில் ஆடுவது போல ஆடினார்கள்.

"இது வாரா வாரம் நடக்குமா டீச்சர்?" என்று மேடம் ஆடிக்கொண்டே கேட்டார்.

"ஆமாம்மா. கோயிலுக்குப் போற வழில தேர்ல உக்காந்த மாதிரி இருக்கும். நான் சாமி கும்புட்டுக்குவேன்" என்றார் டீச்சர்.

குழாய் மறுபடி 'டக்'. மறுபடி உலுக்கல். மறுபடி கொஞ்சம். கடைசியில் டேங்கின் கழுத்தில் பெட்ரோல் பளபளவென்று கண்ணுக்குத் தெரிந்தது. ஏழுமலை அதை எட்டிப் பார்த்து, திருப்தியாக மூடியைத் திருகினார். உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

வண்டி இருமியது. கிளம்பவில்லை. மறுபடி இருமியது. வண்டிக்குள் பெட்ரோல் வாசனை குப்பென்று வந்தது.

"பாத்தீங்களாம்மா? கோச்சிக்கிச்சி" என்றார் ஏழுமலை. அவர் குரலில் ஒரு வெற்றி இருந்தது. பாவம், இத்தனை வாரமாக அவர் சொன்னதை நம்பியது ஒரு மஞ்சள் தாள் மட்டும்தான்.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. வெட்கமும் அதே நொடியில் வந்தது. வண்டியை ஓரமாகத் தள்ளி, மரத்தடியில் நிறுத்திப் பார்த்தேன். யாழினி, இதைக் கவனி. பெட்ரோல் டேங்கில் எப்போதும் ஆவி எழும். அது வெளியே போய் வீணாகாமல் இருக்க, கரி நிரப்பிய ஒரு டப்பா வைத்திருப்பார்கள். ஆவி அதில் போய் ஒண்டிக்கொள்ளும். வண்டி ஓடும்போது எஞ்சின் அந்த ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். அதற்காகத்தான் டேங்கின் மேலே கொஞ்சம் காலி இடம் விட்டிருக்கிறார்கள். 'டக்' என்றால் போதும் என்று பொருள். அதற்கு மேல் ஊற்றினால் ஆவி போகிற வழியில் பெட்ரோலே போய்க் கரியை நனைத்துவிடும். பிறகு எஞ்சின் எப்படி மூச்சு விடும்? அந்தக் குழாயைக் கழற்றினேன். ஆவி வரவேண்டிய இடத்தில் பெட்ரோல் சொட்டியது.

இதை ஏழுமலைக்கு எடுத்துச் சொன்னேன். அவருக்குப் பாதிதான் புரிந்தது. "எடம் இருக்குதுன்னுதான் ஊத்தனன், மேஸ்திரி. காலியா இன்னாத்துக்கு உடணும்?" என்றார். நான் மறுபடி கரி டப்பாவிலிருந்து ஆரம்பித்தேன். பின்சீட்டிலிருந்து டீச்சர் குறுக்கிட்டார்.

"இங்க பாரு ஏழுமல. எனக்கு டாக்டர் ஒரு நாளைக்கு இவ்ளோதான் தண்ணின்னு அளந்து குடுத்துகீறாரு. வயித்துல எடம் இருக்குதுன்னு அதுக்கு மேல குடிச்சா இன்னா ஆவும்?"

"மூச்சு முட்டும், டீச்சர்."

"உன் வண்டிக்கும் அதேதான். எனக்காவது தாகம் எடுக்குது, குடிக்கிறன். அது பாட்டுக்கு 'டக்'குனு போதும்னு சொல்லுது, நீ போட்டு உலுக்கிக்கினுகீற."

ஏழுமலை ஸ்டியரிங்கைத் தடவிக் கொடுத்தார். "சொல்லிக்கினுதான் இருந்துச்சி. எனக்குத்தான் கேக்கல" என்றார்.

அந்த வார்த்தை அவருக்கு மட்டும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. மேடத்துக்கும் தெரிந்திருக்கும். அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்திக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னேன். கொஞ்ச நேரம் இருமிவிட்டு எஞ்சின் கிளம்பியது. ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, மேலாக நின்ற பெட்ரோலை வடித்து, நனைந்த டப்பாவைக் கழற்றிப் புதுசு மாட்டினேன். முடித்து வந்து டீச்சர் முன்னால் நின்றேன். அவர் ஏழுமலையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நாளைக்கு வெள்ளிக்கெழம. இவன் வண்டில போலாமா, வேணாமா? என் பையனுக்கு நான் பதில் சொல்லணும். நல்லா யோசிச்சிச் சொல்லுங்க."

 இரண்டு தடவை தப்பாகச் சொன்ன வாய் இது. மூன்றாவது தடவை என்ன சொல்வது? "போலாம்மா" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"அப்ப சரி. ஏழுமல, ஆறரைக்கு வா" என்று எழுந்துகொண்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் நான் மொபெட்டை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பியது உங்கள் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கலாம். "பால் வாங்கப் போறன்" என்று சொன்னேன். பால் வாங்கவில்லை. அந்த பங்க்குக்கு எதிரே, பஞ்சர் கடையின் தகரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். போலீஸுக்குப் பயந்தவன் போல.

ஆறேமுக்காலுக்கு வெள்ளை வண்டி வந்தது. கண்ணாடியில் எலுமிச்சம்பழம் புதுசாகத் தொங்கியது. எதற்கும் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். ராத்திரி ஏதோ சவாரி போய் டேங்கைப் பாதி காலி செய்திருந்தார் போல. பெட்ரோல் பாய்ந்தது. 'டக்.' ஏழுமலை இறங்கினார். பழக்க தோஷம், இரண்டு கையும் தானாகக் கூரை ஓரத்துக்குப் போயின. நான் தகரத்துக்கு மேலே தலையை நீட்டினேன். பின்சீட்டின் கண்ணாடி மெதுவாக இறங்கியது. ஒரு கை வெளியே வந்தது. விரல் ஒன்று மட்டும் நீண்டு, வகுப்பில் பையன்களை அடக்குவது போல இரண்டு முறை ஆடியது. ஏழுமலை கையைச் சட்டென்று எடுத்து, வேட்டியில் துடைத்துக்கொண்டு, உட்கார்ந்து, சாவியைத் திருப்பினார்.

ஒரே திருப்பு. வண்டி கிளம்பிப் புதுச்சேரிப் பக்கம் போனது. அது வளைவில் மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்கப்புறம் அந்த வண்டி ஆயில் மாற்றுவதற்குத் தவிர எங்களிடம் வந்ததில்லை.

யாழினி, உன் வண்டிச் சத்தத்துக்கு வருகிறேன். பிரேக் பிடிக்கும்போது பெரியப்பா குறட்டை மாதிரி, "அதுவும்" என்று நீ நிறுத்திய இடத்திலிருந்து மீதியைச் சொல். அதுவும் எப்போது? மழை பெய்த மறுநாளா? திரும்பும்போதா? பெரியப்பா மல்லாந்து படுத்து விடும் குறட்டையா, ஒருக்களித்து விடுவதா? கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டு வா. வாசலில் இரண்டு நாற்காலி போட்டு வைக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை பங்க்கிலிருந்து நேராக ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போனேன். காவலாளி கேட்டைத் திறந்துவிட்டுப் பல் விளக்கப் போய்விட்டார். வேறு யாரும் வரவில்லை. மேடத்தின் மேசையில், ஃபைலுக்குள் அந்த இரண்டு வெள்ளைத் தாள்களும் இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு அந்த வாசல் நாற்காலியில், வண்டிக்காரர்கள் உட்காருகிற நாற்காலியில், முதல் தடவையாக உட்கார்ந்தேன். என் பேனா அடித்த அடியில் தாள் கிழிந்துபோகிற அளவுக்கு இருந்தது. பக்கத்தில் இருந்த சின்ன இடத்தில், பொடி எழுத்தில், "வெள்ளிக்கிழமை பெட்ரோல் போட்டா கோச்சிக்கிது. கெஞ்சனா கெளம்புது" என்று எழுதினேன். இரண்டு தாளிலும். பிறகு எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்து ஒரு தடவை சத்தமாகப் படித்தேன். கீழே என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, தாள்களை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, பால் வாங்கப் போனேன்.